உண்டபின் எஞ்சும் கலம்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்கு வடக்கே, வங்கக் கடலை நோக்கி அமைந்த பழம்பதி திருமலைராயன்பட்டினம். திருமலைராயன் என்னும் தலைவன் பெயரால் ஊரும், ஊரை அடுத்துக் கடலிற் கலக்கும் ஆறும் வழங்கி வருகின்றன. காளமேகப் புலவர் அத்தலைவனது அவைக்கு வந்து புலவர் பலரோடு வாதிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியின் ஓர் உறுப்பாக விளங்குகிறது. அப்பகுதியின் தென்கோடியில் இப்பட்டினம் உள்ளது.

மாசி மகத்தன்று இவ்வூர்க் கடற்கரையில் மக்கள் வெள்ளம் திரளும். திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இங்கு எழுந்தருள்வார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தங்கள் குலத்தில் பெண் கொண்டவராகக் கருதி, 'மாப்பிள்ளை' என்றே அழைத்து வரவேற்பர். விழா என்றால் கடைகளும் உண்டு. கடைகள் என்றால் குழந்தைகளும் உண்டு. ஒரு கையில் தின்பண்டமும் மறு கையில் விளையாட்டுப் பொருளும் இல்லாத குழந்தையை அன்று காண்பது அரிது.

விழாவின் மறுநாட் காலையில் அம்மணற்பரப்பைக் காண்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் வீடு சென்றுவிட்டன. தின்பண்டத்தைப் பொதிந்திருந்த உறைகளே மணலில் கிடக்கின்றன. இரண்டும் ஒரே குழந்தையின் கையில் இருந்தவை. இரண்டிலும் வண்ணம் உண்டு. இரண்டிலும் படம் உண்டு. ஆயினும் ஒன்றைக் குழந்தை நெஞ்சோடு அணைத்துச் சென்றது; மற்றொன்றைத் திரும்பியும் பாராது எறிந்தது. தின்பண்டத்தின் கலமே விளையாட்டுப் பொருளாகவும் அமைந்துவிட்டால், அதனை எறிவதற்குக் குழந்தைக்கு மனம் வருமா?

இவ்வினாவுக்கு முதல் விடையைத் தந்தது மனிதர் அல்லர், பனைமரம். கோடைக்காலத்தில் பனங்காயைச் சீவினால், பெரும்பாலும் மூன்று கண்கள் தோன்றும். அவற்றினுள் இனிய நீரும் குளிர்ந்த நுங்கும் இருக்கும். கட்டைவிரலை விட்டு அதனைக் குடைந்து உண்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. உண்டபின் எஞ்சும் காயைச் சிறுவர் எறிவதில்லை. இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் சக்கரங்களும் அச்சும் அமைந்துவிடும். நுனி கவைத்த நீண்ட கோல் ஒன்றை அந்த அச்சின்மேல் பொருத்தித் தள்ளினால், நுங்கு வண்டி தெருவில் ஓடத் தொடங்கும். வண்டி சில நாள் ஓடிக் காய் வாடியதும் மாட்டுத் தொழுவத்திற்குப் போய்விடும். உணவு, உறை, விளையாட்டுப் பொருள், கால்நடைத் தீவனம் ஆகிய நான்கும் ஒரு பனங்காய்க்குள் அடங்கியுள்ளன. எந்தத் தொழிற்சாலையும் இதனைக் காட்டிலும் சிக்கனமான ஒன்றை இதுவரை செய்ததாகத் தெரியவில்லை.

பனையின் ஓலையும் அவ்வாறே பயன்பட்டது. பதநீர் விற்போர் ஓலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவர். பதநீரை அதில் ஊற்றி, மேலே நுங்கையும் இட்டு, இரு கைகளாலும் ஏந்திப் பருகுவதில் ஒரு தனிச் சுவை உண்டு. குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயம் ஏற்றி, பெட்டியும் கொட்டானும் முடைவர். எஞ்சிய துண்டு ஓலையில், உள்ளே சிறு கற்களை இட்டுக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை பின்னிவிடுவர். பெட்டியும் கிலுகிலுப்பையும் ஒரே ஓலையில், ஒரே கையால் பிறந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. செட்டிநாட்டில் மங்கல நிகழ்ச்சிகளுக்குப் பொருள் வைத்து வழங்கும் கொட்டான்கள், வண்ண ஓலையின் அழகினால் வீடுகளில் போற்றி வைக்கப்பட்டன. நடுவில் அருகிப்போன அக்கலையை அண்மைக் காலத்தில் பெண்கள் மீண்டும் பயின்று தொழிலாக நடத்தி வருகின்றனர்.

கலம் மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டுமானால், ஒன்று அது வீட்டில் தங்க வேண்டும். அல்லது கொடுத்தவரிடம் திரும்ப வேண்டும். திரும்பும் வழியையும் தமிழ்நாட்டு இல்லங்கள் முன்பே அறிந்திருந்தன. பண்டிகை நாளில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டிற்குப் பலகாரம் போகும். அது போன தூக்கு வெறுமையாகத் திரும்புவதில்லை. சர்க்கரையோ, பழமோ, அவர்கள் வீட்டுப் பலகாரமோ அதில் இருக்கும். எந்தத் தூக்கு எவருடையது என்ற ஐயம் எழாதவாறு, எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும்போதே கடையில் பெயரை வெட்டி வாங்குவது வழக்கம். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்தப் பெயரே அப்பாத்திரத்தின் இலச்சினை. விற்பவன் பெயர் எங்கோ அடியில் சிறிதாக இருக்கும். உடையவர் பெயர் விளிம்பில் விளங்கித் தெரியும். இந்த வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

கடைத்தெருவில் கலம் திரும்பியதற்குச் சிறந்த சான்று கோலி சோடா. இங்கிலாந்துப் பொறியாளர் ஹைரம் காட் என்பார் 1872-ஆம் ஆண்டில் இப்புட்டியை வகுத்தமைத்தார். காற்றடைத்த நீரைக் காற்றுப் போகாமல் அடைத்து வைப்பது அக்காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று வெளியேறிவிடும். காட் தக்கையை நீக்கிவிட்டு, புட்டியின் கழுத்திற்குள் கண்ணாடிக் கோலி ஒன்றைச் சிறையிட்டார். வாயினுட்புறத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் பதித்தார். புட்டியைத் தலைகீழாக்கி நிரப்பும்போது கோலி வாயை நோக்கி உருளும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே அதனை வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும். காவலுக்கு வேறு ஆள் வேண்டுவதில்லை. வெளியேறத் துடிக்கும் காற்றே கதவை அடைத்துக்கொள்கிறது!

குடிக்கும்போது கட்டையாலோ கட்டைவிரலாலோ கோலியை அழுத்தினால், ஓசையோடு அது உள்ளே விழும். கழுத்தின் இறுகிய இடுப்பு அதனை அடிவரை போகவிடாது. கழுத்தின் உட்பக்கத்தில் உள்ள இரு புடைப்புகள், புட்டியைச் சாய்க்கும்போது கோலி மீண்டும் வாயை அடைக்காதபடி தாங்கிக்கொள்ளும். புட்டியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சிறுவனும் ஒருமுறை மேலெல்லாம் சிந்திக் கற்றுக்கொள்வான். ஓசை, கோலியின் உருளல், கற்றுக்கொள்ள ஒரு சூழ்ச்சி ஆகிய மூன்றும் ஒரு சோடாவோடு கிடைத்தன. அதனால்தான் தமிழ்நாட்டுச் சிறுவர் அதன் சுவையை மறந்தாலும் கோலியை மறப்பதில்லை. ஜப்பான் நாட்டில் 'ராமுனே' என்னும் பானம் இன்றும் இவ்வகைப் புட்டியில் விற்கப்படுகிறது.

புட்டி எறியப்படாமைக்குக் காரணம் விளையாட்டு மட்டும் அன்று. உள்ளிருக்கும் நீரினும் புட்டியின் விலை மிகுதி. ஆதலின் கடைக்காரர், சோடா குடிப்பவரைக் கடை முன்பே நிற்க வைப்பார். எடுத்துச் செல்வோரிடம் முன்பணம் பெறுவார். புட்டி கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சுழன்று வரும். ஆனால் இவ்வமைப்பில் ஒரு குறையும் இருந்தது. கோலியின்மீது கொண்ட ஆசையால் சிறுவர் புட்டியையே உடைத்தனர். இங்கிலாந்தில் காட் புட்டிகள் பழம்பொருளாக இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். விளையாட்டுப் பொருளைக் கலத்தினுள் பூட்டி வைத்தால், குழந்தை பூட்டை உடைக்கும். கலமே விளையாட்டுப் பொருளானால் உடைக்காது.

பிற்காலத்தில் தகர மூடியிட்ட புட்டிகளும், அவற்றின்பின் நெகிழிப் புட்டிகளும் பெருகியபோது, கோலி சோடா கடைகளிலிருந்து பின்வாங்கியது. 2017-ஆம் ஆண்டில் ஏறுதழுவுதலுக்காக எழுந்த கிளர்ச்சியை ஒட்டி, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவு செய்தன. அப்போது பலர் நினைவுக்கு வந்தது இந்தப் பச்சைப் புட்டியே.

சிறுவர்கள் கலம் எதுவாயினும் அதில் விளையாட்டைத் தேடுவர். தகர மூடியைக் கல்லால் தட்டிப் பரப்பி, நடுவில் இரு துளையிட்டு, நூல் கோத்துச் சுழற்றுவர். அது உறுமிக்கொண்டு சுற்றும். தீப்பெட்டியின் மேலட்டையைக் கத்தரித்துச் சீட்டாக்குவர். வெற்றுப் பெட்டிகளைக் கோத்துத் தொடர்வண்டி விடுவர். கொட்டாங்குச்சியில் மணற்சோறு சமைப்பர். இவை எவையும் குழந்தைக்காக ஆக்கப்பட்டவை அல்ல. ஆதலின் தகர மூடியின் கூரிய விளிம்பு கையைக் கிழிப்பதும் உண்டு. குழந்தை கலத்தை எப்படியும் விளையாட்டாக்கப் போகிறது என்பதை முன்னரே எண்ணி, அதற்கேற்ப விளிம்பை மடித்துத் தருவது செய்பவரின் கடமை.

அவ்வாறு முன்னரே எண்ணிச் செய்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துப் பிஸ்கோத்து வணிகர்கள். 1822-ஆம் ஆண்டில் ஜோசப் ஹன்ட்லி என்பார் அந்நகரில் பிஸ்கோத்துக் கடை தொடங்கினார். கடைக்கு எதிரில் குதிரை வண்டிகள் நிற்கும் விடுதி இருந்தது. வழிப்போக்கர் வாங்கிய பிஸ்கோத்துகள் வண்டிக் குலுக்கலில் நொறுங்கின. ஆதலின் அவற்றைத் தகரப் பெட்டியில் இட்டு விற்றனர். பின்னர் 'ஹன்ட்லி அண்டு பாமர்ஸ்' என்று பெயர் பெற்ற அந்நிறுவனம், 1868-இல் பெட்டியின்மேல் வண்ணப் படங்களை ஏற்றியது. நாளடைவில் பெட்டியின் உருவமே மாறியது. வாரால் கட்டிய புத்தக வரிசை போன்ற பெட்டி, இறக்கைகள் சுழலும் காற்றாலைப் பெட்டி, ஊர்தி வடிவப் பெட்டி என்று பல தோன்றின. பிஸ்கோத்து சில நாளில் தீர்ந்தது. காற்றாலை குழந்தையின் அறையில் நின்றது. இன்று அப்பெட்டிகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. உள்ளே இருந்த பிஸ்கோத்தின் சுவையை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இலர்.

அமெரிக்காவில் 1902-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவிற்காக ஒரு நிறுவனம் விலங்கு வடிவப் பிஸ்கோத்துகளைச் சிறிய அட்டைப் பெட்டியில் விற்றது. பெட்டியின்மேல் சர்க்கஸ் வண்டிக் கூண்டுகள் வரையப்பட்டிருந்தன. விழா மரத்தில் தொங்கவிடுவதற்காக அதனோடு ஒரு கயிறும் கட்டப்பட்டிருந்தது. விழா முடிந்தது; கயிறு நிலைத்தது. குழந்தைகள் பெட்டியைக் கைப்பை போலத் தூக்கிச் செல்ல அது உதவியமையால், நிறுவனம் அதனை நீக்கவில்லை. 2018-இல் அப்படம் மாற்றப்பட்டு, விலங்குகள் கூண்டின்றித் திறந்த வெளியில் நிற்பனவாக வரையப்பட்டன. குழந்தை நாள்தோறும் காணும் படம் அதன் உள்ளத்தில் எதனைப் பதிக்கிறது என்னும் கேள்வி, ஒரு பிஸ்கோத்துப் பெட்டியின் ஓவியத்தையே மாற்றிவிட்டது. காரைக்காலை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்சு நாட்டிலோ, கடுகுச் சாந்தைக் கண்ணாடிக் குவளையில் விற்கும் வழக்கம் உண்டு. சாந்து தீர்ந்தபின், சித்திரக்கதை மாந்தர் வரைந்த அக்குவளையில் வீட்டுப் பிள்ளைகள் நீர் பருகுவர். செய்முறையில் புதுமை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு அடுக்களைகளில் ஊட்டச்சத்து மாவு வந்த கண்ணாடிப் புட்டிகள், பருப்பும் ஊறுகாயும் காத்து நின்ற வழக்கமும் இதுவே. ஆயினும் பருப்புப் புட்டி தாயினுடையது. படம் வரைந்த குவளை குழந்தையினுடையது.

இத்தனைக்கும் பிறகு, மெல்லிய நெகிழி உறை எவ்வாறு எங்கும் பரவிற்று? அதனைக் குறை கூறுமுன் அது செய்யும் பணியையும் கூறுதல் முறையாகும். வறுவல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமானால் ஈரக்காற்று அதனை அணுகக் கூடாது. எண்ணெய் கெடாதிருக்க உயிர்வளியும் ஒளியும் புகக் கூடாது. இவற்றைத் தடுக்க, நெகிழித் தாள்களையும் மிக நுண்ணிய அலுமினியப் படலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உறை செய்கின்றனர். உள்ளே நைட்ரஜன் வளியை நிரப்புகின்றனர். எடை மிகக் குறைவு, விலையும் குறைவு. சில காசு மதிப்புள்ள உறை, தொலைதூரத் தொழிற்சாலையின் பண்டத்தைப் பட்டினச்சேரிச் சிறுகடை வரை கெடாமல் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஆனால் எப்படலங்கள் உணவைக் காத்தனவோ, அப்படலங்களே பின்னர்ப் பகையாகின்றன. ஒன்றோடொன்று ஒட்டிய அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். பிரிக்காமல் உருக்கினால் பயன் குறைவு. ஆதலின் பழம்பொருள் வாங்குவோர் புட்டியையும் தகரத்தையும் எடுத்துச் செல்வர், உறையைத் தொடுவதில்லை. கிழித்துத் திறந்த உறையில் மீண்டும் எதனையும் இட முடியாது. குழந்தைக்கும் அது விளையாட உதவாது. மழையில் வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் அது போகிறது. மீனுக்காக வீசிய வலையில் உறையும் சேர்ந்து வந்தால், அதனைப் பிரித்தெடுக்கும் வேலை மீனவர் குடும்பத்தின்மேல் விழுகிறது.

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றிற்கு இந்தியா முழுவதும் தடை விதிக்கப்பட்டது. அப்பட்டியலில் குழந்தைகளின் பொருள்கள் பல இருப்பது கருதத்தக்கது: மிட்டாய்க் குச்சி, பனிக்கூழ்க் குச்சி, பலூன் குச்சி ஆகியவை அதில் இடம்பெற்றன. பண்டம் அடைத்த பல படல உறையோ அத்தடைக்குள் வரவில்லை. அதற்கு ஈடாக நிற்கக்கூடிய கலம் இன்னும் எளிதில் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

கலத்தை விளையாட்டாக்குவதில் வேறோர் இடரும் உண்டு. அழகிய பெட்டிக்காகவே குழந்தை பண்டத்தை வேண்டி அழும். பெட்டி நல்லது, பண்டம் சர்க்கரைக் கட்டியாக இருந்தால் என் செய்வது? சிலி நாட்டில் 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிக்க உணவுகளின் உறைமேல் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரையை இடச் செய்தது. அத்தகைய உணவுகளின் உறைகளில் குழந்தைகளைக் கவரும் சித்திர மாந்தரையும், உடன் தரும் பொம்மைகளையும் விலக்கியது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், அத்தகைய உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதனைச் சுற்றி 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றன. எனவே கலத்தை அழகுபடுத்த முற்படுவோர், உள்ளே இடும் பண்டத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரியுருண்டை, அவித்த பனங்கிழங்கு ஆகியவை இப்பகுதிக்குப் பழகியவை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஊர்ப் பண்டத்திற்கு ஊர்ப் பெயரே சிறந்த இலச்சினை என்பதைக் காட்டியது.

திருமலைராயன்பட்டினத்தில் கடலை உருண்டை செய்யும் ஒரு குடும்பம் குழந்தைகளுக்கென ஒரு கலம் அமைக்க விரும்புவதாகக் கொள்வோம். எதனால் செய்வது? தகரம் உறுதியானது, ஆனால் கடற்காற்றில் விரைவில் துரு ஏறும். கண்ணாடி தூயது, பள்ளிப்பையில் உடையும். எவர்சில்வர் இரண்டுக்கும் அஞ்சாது. விலை அஞ்ச வைக்கும். பனையோலை மலிவானது, மக்கினாலும் மண்ணுக்குக் கேடில்லை. ஆனால் ஈரக்காற்று அதன் பின்னல் வழியே புகும். வெல்லப்பாகு சேர்ந்த உருண்டை இக்கடற்கரையில் சில நாளிலேயே கசிந்து ஒட்டத் தொடங்கும். ஆகவே ஓலைப்பெட்டி அன்றன்று செய்து விற்கும் பண்டத்திற்கே ஏற்றது. உள்ளே வாழையிலைச் சருகையோ, உணவுக்கென்று செய்த தூய தாளையோ விரிக்க வேண்டும். அச்சிட்ட செய்தித்தாள் ஆகாது. மையில் உள்ள நச்சுப் பொருள்கள் எண்ணெயோடு உணவில் சேரும் என்பதால் விதிகளும் அதனைத் தடுத்துள்ளன.

வடிவத்தை ஊரே தருகிறது. படகு போன்ற பெட்டி. அதன் மூடியைக் கழற்றி நிமிர்த்தி நிறுத்தினால் பாய். ஓலை முடையத் தெரிந்த கைக்கு இது அரிதன்று. மூலைகள் மழுங்கியிருத்தல் வேண்டும். தாயின் கை உள்ளே நுழைந்து துடைக்கும் அளவுக்கு வாய் அகன்றிருக்க வேண்டும். இடுக்குகள் மிகுந்த அழகு, எறும்புக்கே உதவும். கழன்று விழக்கூடிய மணியும் கல்லும் கூடா. மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தை எதனையும் வாயிலிட்டுப் பார்க்கும். சிறு பொருள் தொண்டையை அடைத்தால் உயிருக்கே கேடு. சாயம் உணவுக்கு ஊறு செய்யாததாக இருக்க வேண்டும். ஈயம் கலந்த வண்ணம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

இனி இலச்சினை. எழுத்தறியாக் குழந்தையும் அடையாளம் காணுமாறு ஒரு படம் போதும். நுங்கு வண்டி ஓட்டும் சிறுமியின் கோட்டோவியம் இவ்வூர்க்குப் பொருத்தமாகும். அதனைப் பெட்டியின் நான்கு பக்கமும் நிரப்ப விற்பவர் ஆசைப்படுவார். எவர்சில்வர்த் தூக்கில் பெயர் எங்கே இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். விற்பவர் குறி அடியில் சிறிதாக இருக்கட்டும். விளிம்பில் ஓர் ஓலை நறுக்கு வெறுமையாக இருக்கட்டும். அதில் குழந்தை தன் பெயரை எழுதிக்கொள்ளும். தன் பெயர் எழுதிய பொருளை எந்தக் குழந்தையும் மணலில் விட்டுவிட்டு வருவதில்லை. விட்டு வந்தாலும் கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பர்.

விலைக் கணக்கும் பார்க்க வேண்டும். 40 ரூபாய் மதிப்புள்ள பெட்டி 80 முறை நிரப்பப்பட்டால், ஒரு முறைக்கு 50 காசு ஆகும். இரண்டு முறை நிரம்பிய பின் பரண்மேல் ஏறிவிட்டால், ஒரு முறைக்கு 20 ரூபாய் ஆகிவிடும். அதைக் காட்டிலும் எறியும் தாளே சிக்கனம். கனமான கலம் செய்யப் பொருளும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாவதால், சுற்றுச்சூழற் கணக்கும் ஏறத்தாழ இவ்வாறே அமையும். 'மீண்டும் பயன்படும்' என்று மேலே அச்சிடுவது எளிது. மீண்டும் பயன்படுத்தச் செய்வதே அரிது. பெட்டியைக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்வோர்க்கு ஓர் உருண்டை கூடுதலாகத் தருவது பழைய முறை. தூக்கை வெறுமையாகத் திருப்பாத ஊரில் இதனை எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டி நன்கு அமைந்ததா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. உருண்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை மட்டும் ஒரு குழந்தையின் முன் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விலகி நிற்க வேண்டும். குழந்தை திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டால், முடைந்தவர் மீண்டும் ஓலையை எடுக்க வேண்டியதுதான். அது பாயை நிமிர்த்தி, கிளிஞ்சல்களை ஏற்றி, கயிறு கட்டித் திண்ணை நெடுகிலும் இழுத்துச் சென்றால் வேலை முடிந்தது. அடுத்த நாள் அப்பெட்டியில் கடலை உருண்டை நிரப்ப வேண்டுமானால், குழந்தையிடம் கெஞ்சித்தான் அதனை வாங்க வேண்டியிருக்கும்.